ஒன்பது பேரும் ஒரு கப்பலும் - மால்டா கதை

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம். நடுவுல ஆபீஸ் வேலையா மூணு வாரம் மால்டா போக வேண்டி வந்தது. "மால்டாவா? அது எங்கே இருக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கே மேப்பைப் பார்த்துதான் தெரிந்தது. இத்தாலி ஒரு பூட்ஸ் கால் என்றால், அது உதைக்கிற பந்து சிசிலி. அந்தப் பந்துக்குக் கீழே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, பேனாவிலிருந்து சிந்தின ரெண்டு மூணு மைத்துளி மாதிரி கிடப்பதுதான் மால்டா. மால்டா, கோஸோ, கொமினோ என்று மூணு தீவுகள் சேர்த்து மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். பெரிய தீவே நீளவாக்கில் 27 கிலோமீட்டர்தான். காலையில் சைக்கிளை எடுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாடு முடிந்துவிடும் :-)

சுற்றுலாக் கட்டுரை எழுதுகிற உத்தேசம் எனக்கு இல்லை. அதுக்கு நம்ம பதிவர்களில் நிறைய பேர் இருக்காங்க. நான் எழுத வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒரு விஷயத்தை. அதிலிருந்து ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் விடாமல் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

தீவின் தென்மேற்குக் கரையில் வீட் இஸ்-சுரீக் என்று ஒரு குட்டி ஊர். பாறைகளுக்கு நடுவில் ஓடை மாதிரி கடல் உள்ளே நுழைந்திருக்கும். கலர் கலரான மீன்பிடிப் படகுகள், முகப்பில் ரெண்டு கண் வரைந்தது. பக்கத்துக் கடற்குகையைப் பார்க்க டூரிஸ்ட்டுகளைப் படகில் கூட்டிப் போவார்கள். நான் கரையோரக் கடையில் கின்னி என்கிற அவங்க ஊர் கசப்பு ஆரஞ்சு பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (கசப்புன்னா கசப்பு. ஆனா ரெண்டாவது நாள் பழகிடும்.) அப்போது கறுப்பு ரப்பர் உடை, முதுகில் சிலிண்டர் சகிதம் ஏழெட்டு பேர் வரிசையாகப் படியிறங்கித் தண்ணிக்குள் போனார்கள். எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழே என்ன இருக்கு?" என்று கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். ஒரு கப்பல் இருக்கு, அதைப் பார்க்கத்தான் போறாங்க என்றார். போர்ல மூழ்கினதா என்று கேட்டதற்கு, இல்லை, நாங்களே மூழ்கடித்தது என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, மூழ்கடிக்கிறதுக்கு முன்னாடி அதுல எங்க ஆட்கள் ஒன்பது பேர் செத்துப்போனாங்க என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு காபி போடப் போய்விட்டார்.

எனக்கு அப்புறம் கின்னி இறங்கவில்லை.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். இந்தக் கப்பல் ஏன் கடலுக்கடியில் போய் உட்கார்ந்தது என்று புரிய, இந்த நாடு எதை வைத்துப் பிழைத்தது என்று தெரிய வேண்டும்.

மால்டாவில் ஆறு கிடையாது. ஏரி கிடையாது. பெட்ரோல், நிலக்கரி எதுவும் கிடையாது. இருப்பது ரெண்டே சொத்து. ஒன்று, எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ள வசதியான மஞ்சள் சுண்ணாம்புக்கல். இன்னொன்று, தலைநகர் வலேட்டாவை ஒட்டியுள்ள பெரிய துறைமுகம். மத்தியதரைக் கடலின் நட்டநடுவில் இப்படி ஆழமான, பாதுகாப்பான ஒரு துறைமுகம் இருந்தால் வல்லரசுகள் சும்மா விடுமா? 1530-ல் செயின்ட் ஜான் வீரர்கள் வந்தார்கள். 1565-ல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டுத் தோற்றுப்போனது. 1798-ல் நெப்போலியன் வந்தார். 1800-ல் பிரெஞ்சுக்காரர்களைத் துரத்திவிட்டு பிரிட்டிஷார் உட்கார்ந்தார்கள், எழுந்து போக 179 வருஷமாச்சு.

(இடையில் ஒரு துணுக்கு: 1878-ல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சண்டை முற்றியபோது, ரஷ்யாவை மிரட்டுவதற்காக பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி இந்தியாவிலிருந்து சுமார் 7000 சிப்பாய்களைக் கப்பலேற்றி மால்டாவில் இறக்கினார். அதில் மெட்ராஸ் சாப்பர்களும் உண்டு. ஆக, நான் போறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மாட்கள் அந்த வெயிலைப் பார்த்துட்டாங்க!)

பிரிட்டிஷ் காலத்தில் மால்டாவின் பொருளாதாரம் என்றால் அது கடற்படைதான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் துறைமுகத்துக்கு இன்னும் கிராக்கி. கப்பல் பழுது பார்க்கும் டாக்யார்ட் வேலை கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கே விடிவு. துறைமுகத்தைச் சுற்றியுள்ள பிர்கு, போர்ம்லா, செங்லியா என்ற மூணு ஊர்களும் டாக்யார்ட் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் தூங்கின ஊர்கள். போர் வந்தால் வேலை வரும். சமாதானம் வந்தால் ஆள் குறைப்பு வரும். இது என்ன பிழைப்பு என்று நமக்குத் தோணலாம், ஆனால் அதுதான் நிலைமை. இரண்டாம் உலகப்போரில் குண்டுமழையில் தீவே நொறுங்கியது. 1942 ஏப்ரலில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மொத்தத் தீவுக்கும் சேர்த்து ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார். இன்றைக்கும் அது அவர்கள் கொடியின் மூலையில் இருக்கிறது. போர் முடிந்து வேலை இல்லாமல் எத்தனையோ பேர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினார்கள்.

இப்போது விளையாட்டு மேட்டருக்கு வருவோம். நான் கவனித்தது இதுதான்: இந்தத் தீவில் எந்த வெளிப்புற விளையாட்டைத் தொட்டாலும், அடியில் பட்டாளத்துக் கால்தடம் தெரிகிறது.

கால்பந்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டுவந்தது. 1900-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். ரொம்ப காலம் ஆடியது கிசிரா என்ற ஊரிலிருந்த எம்பயர் ஸ்டேடியத்தில். 1922-ல் திறந்தது. புல்லே கிடையாது, பருக்கை மண்தரை. விழுந்தால் முட்டி காலி. 1980களின் தொடக்கத்தில் புல்தரையோடு தேசிய ஸ்டேடியம் வந்தது. எங்கே? டா காலியில், போர்க்காலத்தில் விமானப்படையின் ஓடுதளம் இருந்த இடத்தில்.

கோல்ஃப் 1888-ல் ஆரம்பித்தது. முதலில் எங்கே ஆடினார்கள் தெரியுமா? கோட்டை அகழிக்குள்ளே! துருக்கியர் வந்தால் தடுக்கத் தோண்டின பள்ளத்தில் துரைமார்கள் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் மார்சாவுக்கு இடம் மாறினார்கள்.

படகுப்போட்டி இதைவிட சுவாரசியம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, மார்ச் 31 அன்றும் செப்டம்பர் 8 அன்றும், பெரிய துறைமுகத்தில் துடுப்புப் படகுப் போட்டி நடக்கும். ஊருக்கு ஊர் வெறி. ஜெயித்த ஊரில் அன்றைக்கு யாரும் தூங்க மாட்டார்கள். அந்தப் படகுகளின் மூதாதை 'டைசா' என்ற சின்னப் படகு. நடுத்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் போர்க்கப்பலில் இருந்து மாலுமிகளைக் கரைக்குக் கொண்டுவந்து விடுவது, விடிகாலையில் தள்ளாடி வருகிறவர்களைத் திரும்பக் கப்பலில் ஏற்றுவது, இதுதான் டைசாக்காரரின் வேலை. அதாவது அன்றைய ஆட்டோக்காரர். அவர்கள் கைவலுவைக் காட்டின போட்டிதான் தேசியத் திருவிழாவாக நிற்கிறது. இதில் செப்டம்பர் 8 என்பது 1565 முற்றுகை முடிந்த நினைவு. மார்ச் 31 என்பது 1979-ல் பிரிட்டிஷ் படை ஒட்டுமொத்தமாக வெளியேறிய நாள்.

பாறை ஏறுவதும் அப்படித்தான். மால்டாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பயிற்சிக்காக ஏறின செங்குத்துப் பாறைகளில் இப்போது ஐரோப்பாவின் நாலாபக்கமிருந்தும் வந்து கயிறு கட்டி ஏறுகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த கடையிலிருந்து எதிரே கடலுக்குள் ஃபில்ஃப்லா என்று ஒரு பாறைத்தீவு தெரியும். 1971 வரைக்கும் பிரிட்டிஷ் கப்பல்களும் விமானங்களும் குறிபார்த்துச் சுட்டுப் பழக வைத்திருந்த இலக்கு அது. இப்போது கடற்பறவைகளுக்கான பாதுகாப்பிடம்.

அந்த 1979-க்கு வருவோம். 1957-லேயே பிரிட்டன் தன் படைச் செலவைக் குறைக்க முடிவு செய்துவிட்டது. 1959-ல் கடற்படை டாக்யார்டை வேல்ஸ் கம்பெனி ஒன்றின் கையில் கொடுத்துவிட்டு நழுவியது. 1964-ல் சுதந்திரம். 1971-ல் பிரதமரான டாம் மின்டாஃப், "என் இடத்தில் இருக்கணும்னா வாடகை கொடு" என்கிற ரீதியில் மல்லுக்கு நின்று, 1972-ல் வருஷத்துக்கு 1.4 கோடி பவுண்டு என்று ஒப்பந்தம் போட்டார். ஏழு வருஷ ஒப்பந்தம். 1979 மார்ச் 31-ஓடு கணக்கு முடிந்தது. கடைசியாகக் கிளம்பிய கப்பல் ஹெச்.எம்.எஸ். லண்டன். கொண்டாட்டம்தான், வாணவேடிக்கைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே வாடகைதாரரை நம்பிய வீடு. அவர் காலி பண்ணிவிட்டார். அடுப்பு எப்படி எரியும்?

பதில் ரெண்டு. ஒன்று டாக்யார்டையே வியாபார ரீதியில் ஓட்டுவது. இன்னொன்று சுற்றுலா. 1958-லேயே சுற்றுலா வாரியம் வைத்துவிட்டார்கள். 1959-ல் வந்த டூரிஸ்ட்டுகள் சுமார் 12,500 பேர்தான். 1980-ல் ஏழு லட்சத்தைத் தாண்டியது. 2019-ல் இருபத்தேழு லட்சத்துக்கு மேல். 2024-ல் முப்பத்தஞ்சு லட்சத்துக்கு மேல். நாட்டின் ஜனத்தொகை 2021 கணக்குப்படி கிட்டத்தட்ட அஞ்சு லட்சத்து இருபதாயிரம். அதாவது வீட்டில் ஒருத்தர் இருந்தால் வருஷத்தில் ஏழு விருந்தாளி!

ஆனால் சுற்றுலாவில் ஒரு சிக்கல். எல்லாரும் ஜூலை, ஆகஸ்ட்டில் வந்து மணலில் படுப்பார்கள். மால்டாவில் மணல் கடற்கரை ரொம்பக் கம்மி, பெரும்பாலும் பாறைதான். குளிர்காலத்தில் ஓட்டல் ஈயாடும். அங்கேதான் இந்த விளையாட்டுகள் கைகொடுத்தன. பாறை ஏற அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல காலம், வெயிலில் பாறை சுடும். கிராமப்புறம் நடக்கிறவர்களுக்கும் அதே. கடல் நவம்பர் வரைக்கும் கதகதப்பாக இருப்பதால் டைவிங்காரர்கள் வருவார்கள். பாய்மரக்காரர்களுக்கு அக்டோபரில் மிடில் ஸீ ரேஸ். 1968-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய படகுகளோடு ஆரம்பித்தது. பெரிய துறைமுகத்தில் கிளம்பி சிசிலியைச் சுற்றி, எரிமலைத் தீவான ஸ்ட்ரோம்போலியைத் தாண்டி, 606 கடல் மைல் ஓடித் திரும்ப மால்டாவுக்கே வரணும். இன்றைக்கு உலகப் பாய்மரக்காரர்கள் டைரியில் குறித்து வைக்கிற போட்டி அது.

இவை எல்லாவற்றையும்விட டைவிங்குக்கு இன்னொரு லாபம். அதுக்கு நிலம் வேண்டாம். சதுர கிலோமீட்டருக்கு 1600 பேருக்கு மேல் வாழ்கிற நாட்டில் நிலம்தான் தங்கம். இதைப் புரிந்துகொள்ள கோல்ஃப் கதையைப் பார்த்தால் போதும். நாட்டில் இருப்பது மார்சாவில் ஒரே ஒரு மைதானம். பணக்கார டூரிஸ்ட்டுகளை இழுக்க இரண்டாவது மைதானம் வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. வடமேற்கில் ஷாரா ல்-ஹம்ரா என்ற இடத்தைக் காட்டியது. அங்கே பயிர் செய்துகொண்டிருந்த விவசாயிகள், சுற்றுச்சூழல்காரர்கள் எல்லாம் கொதித்தெழுந்தார்கள். குடிதண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கிற நாடு, புல்லுக்குத் தண்ணி எங்கே போவது? 2007-ல் திட்டம் கைவிடப்பட்டது. அதே வருஷம் அந்தப் பகுதியில் மஜிஸ்ட்ரால் என்ற இயற்கைப் பூங்கா வந்தது. இப்போது அங்கே நடக்கிறார்கள், மலை சைக்கிள் ஓட்டுகிறார்கள். புல் தானாக முளைத்தால் உண்டு.

நிலத்துச் சண்டையில் இன்னொரு கட்சி, பறவை வேட்டைக்காரர்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் வலசை போகிற பறவைகள் இங்கே இறங்கும். வேட்டை எங்கள் பாரம்பரிய விளையாட்டு என்பார்கள் அவர்கள். வசந்த காலத்தில் கூட்டுக்குப் போகிற பறவையைச் சுடுவதா என்பார்கள் எதிர்த்தரப்பு. 2015 ஏப்ரலில் பொதுவாக்கெடுப்பே நடந்தது. 50.4 சதவீதம் வாங்கி வேட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். வித்தியாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு. எல்லாரும் ஒரே மேட்டில் நிற்க வேண்டிய நாட்டில் நடக்கிறவனுக்கும் சுடுகிறவனுக்கும் இடம் பிரிப்பது லேசு இல்லை.

ஆகவேதான் கடலுக்கடியில் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத மைதானம். வேலி வேண்டாம், பட்டா வேண்டாம்.

ஏற்கெனவே போர் மூழ்கடித்த கப்பல்கள் இருந்தன. 1942 பிப்ரவரியில் ஜெர்மன் குண்டு விழுந்து துறைமுகத்திலேயே மூழ்கிய ஹெச்.எம்.எஸ். மாவோரி இப்போது வலேட்டா பக்கத்தில் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் போவதற்குத் தோது. அது போதாதென்று தாங்களே மூழ்கடிக்க ஆரம்பித்தார்கள். 1992-ல் ரோஸி என்ற இழுவைப் படகு. 2007-ல் பி29 என்ற ரோந்துக் கப்பல். இது கிழக்கு ஜெர்மனி கண்ணிவெடி அகற்றக் கட்டியது, அந்த நாடே காணாமல் போனபின் மால்டாவுக்கு வந்தது. 2009-ல் அதன் தங்கச்சி பி31. எண்ணெய், வயர், எல்லாவற்றையும் உருவிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் இறக்குவார்கள். கொஞ்ச நாளில் பாசி பிடிக்கும், மீன் குடிவரும், பின்னாலேயே மனுஷனும் வருவான்.

இந்த வரிசையில் பெரியதுதான் நம்ம கதைக் கப்பல். பெயர் உம் எல் ஃபரூத். 1969-ல் இங்கிலாந்தில் கட்டிய, லிபியாவுக்குச் சொந்தமான எண்ணெய் டேங்கர். நூறு மீட்டருக்கு மேல் நீளம். இத்தாலிக்கும் லிபியாவுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. 1995-ல் பழுதுபார்க்க மால்டா டாக்யார்டுக்கு வந்தது. பிப்ரவரி 3 இரவு. டேங்கரில் எண்ணெயை இறக்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் எண்ணெய் நிறைந்த தொட்டியைவிட, காலியான தொட்டியில் தங்கியிருக்கும் ஆவிதான் பயங்கரம். தொட்டிப் பகுதியில் வெடித்தது. அன்றைக்கு வேலைக்குப் போன டாக்யார்ட் தொழிலாளிகள் ஒன்பது பேர் வீடு திரும்பவில்லை.

உருக்குலைந்த கப்பல் மூணு வருஷம் துறைமுகத்திலேயே நின்றது. கற்பனை பண்ணிப் பாருங்கள், இறந்தவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே அது நிற்கும். 1998 செப்டம்பரில் இழுத்துப் போய் வீட் இஸ்-சுரீக் அருகே மூழ்கடித்தார்கள். சுமார் 36 மீட்டர் ஆழத்தில் மணலில் நேராக உட்கார்ந்தது. சில வருஷம் கழித்து ஒரு குளிர்காலப் புயலில் ரெண்டாக உடைந்தது. உள்ளே அந்த ஒன்பது பேருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இன்றைக்கு மத்தியதரைக் கடலில் டைவிங் பண்ணுகிறவர்கள் தவறவிடக்கூடாத இடம் என்று பட்டியல் போடுகிறார்கள்.

டாக்யார்ட் என்ன ஆச்சு? வருஷா வருஷம் நஷ்டம், அரசு மானியம். 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் அந்த மானியத்தைத் தொடர முடியவில்லை. தொழிலாளிகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். 2010-ல் ஒரு இத்தாலிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. பிர்கு கரையில் போர்க்கப்பல் நின்ற இடத்தில் இப்போது கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. நான் ஒரு சாயங்காலம் அங்கே நடந்தேன். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

எனக்கு உறுத்தினது இதுதான். ஒரு தொழில் ஒன்பது பேரைக் கொன்றது. அந்தத் தொழிலே பிறகு செத்தது. அதன் எலும்புக்கூட்டைக் காட்டி அடுத்த தொழில் பிழைக்கிறது. இது சரியா? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சாவு வீட்டில் டிக்கெட் கிழிக்கிற மாதிரி. ஊர் திரும்பியபின் யோசித்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் அந்தப் பெயர்கள் எங்கே இருந்திருக்கும்? வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருத்தன் 36 மீட்டர் இறங்கி அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறானே, உலகத்தில் எத்தனை தொழிலாளிக்கு அது கிடைக்கிறது? ஆனால் நிற்கிறானா, இல்லை போட்டோ எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறானா? எனக்கு நீச்சல் தெரியாது, நான் பார்த்ததில்லை.

இன்னொரு பயமும் உண்டு. ஒரே வாடகைதாரரை நம்பிக் கெட்ட வீடு, மறுபடி ஒரே வாடகைதாரரைப் பிடித்துவிட்டதோ என்று. 2020-ல் கொரோனா வந்தபோது இருபத்தேழு லட்சம் சுமார் ஆறரை லட்சமாக விழுந்தது. அதற்கு முன் 2017 மார்ச் 8 காலை, கோஸோ தீவில் ட்வெய்ராவின் அஸூர் விண்டோ என்ற இயற்கைக் கல் வளைவு, எல்லாப் போஸ்டரிலும் இருந்த வளைவு, புயலில் சரிந்து கடலுக்குள் விழுந்தது. நாடே அழுதது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? விழுந்த பாறைகளைப் பார்க்க டைவிங் ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்! விழுகிற எதையும் வீணாக்காத ஊர். இதைத் திறமை என்பதா, வேறு வழியில்லாமை என்பதா? ரெண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

கிளம்பும் முன் கடைசி ஞாயிறு மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். நீங்க எப்பவாவது கீழே இறங்கிப் பார்த்திருக்கீங்களா என்று பெரியவரிடம் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. நான் டாக்யார்ட்ல இருந்தவன், அதை மேலே இருக்கும்போதே பார்த்தாச்சு என்றார்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இன்னொரு கின்னி வாங்கிக் குடித்துவிட்டு பஸ் பிடித்தேன்.

டிஸ்கி 1: நம்ம பதிவர்களில் டைவிங் தெரிந்தவர் யாராவது இந்தக் கப்பலுக்குப் போயிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அந்தப் பலகைக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்களா என்று தெரிஞ்சுக்கணும்.

டிஸ்கி 2: நீச்சல் கிளாஸில் சேர்ந்திருக்கிறேன். வாத்தியார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும் :-)